மாநாட்டுக்குப் போகும் பிள்ளைகளுக்கு என்ன சொல்லி அனுப்புவது?

ஆகஸ்ட் கடைசியில் சென்னையில் மாநில அளவிலான பருவநிலைக் கொள்கை மாநாடு ஒன்று இருக்கிறதாம். பள்ளிப் பிள்ளைகளும் குழுவாக வந்து பேசலாம் என்று சுற்றறிக்கை போயிருக்கிறது. வேலூர், திருப்பத்தூர் பக்கத்திலிருந்து அதைப் பற்றியே கடிதங்கள். அரசுக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டு, நாட்டு நலப்பணித் திட்டத்தையும் சுமந்துகொண்டு, பிள்ளைகளை ஊர் ஊராக அழைத்துப் போனவள் என்பதால் பத்திரிகை ஆசிரியர் இதை என் தலையில் கட்டிவிட்டார். வழக்கமான கேள்விகளுக்கு இந்த மாதம் விடுமுறை.

அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். 7 மாணவிகளை அழைத்துப் போகலாம், பேச 3 நிமிடம் தருவார்கள். தலைப்பு ‘வெப்பமும் பள்ளியும்’. புவி வெப்பமாதல் பற்றி நல்ல கட்டுரையாக எழுதி மனப்பாடம் செய்ய வைக்கச் சொல்கிறார் தலைமை ஆசிரியர். எங்கிருந்து தொடங்குவது, அம்மா?
ஆசிரியை, வேலூர்

கட்டுரையை முதலில் ஓரமாக வையுங்கள். பனிப்பாறை உருகுகிறது என்று வேலூர்ப் பெண் போய் ஒரு துறைச் செயலாளருக்குச் சொல்ல வேண்டியதில்லை, அது அவருக்குத் தெரியும். மதியம் இரண்டரை மணிக்கு உங்கள் பள்ளியின் சிமென்ட் ஷீட் போட்ட வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் எத்தனை டிகிரி என்பதுதான் அவருக்குத் தெரியாது. சென்னையில் வேறு யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டு போனால் உங்கள் 3 நிமிடத்துக்கு மதிப்பு உண்டு.

நீங்கள் இயற்பியல் ஆசிரியை, அளக்க நான் சொல்லித்தர வேண்டாம். ஆனாலும் மாணவர்கள் அளந்து வந்த கணக்குகள் சபையில் எங்கே அடிபடும் என்று பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். வெப்பமானியைச் சுவரில் மாட்டாதீர்கள், சுவரின் சூட்டைத்தான் அது காட்டும். வெயில் நேராகப் படாமல், தரையிலிருந்து நாலடி உயரத்தில், கயிற்றில் தொங்கட்டும். ஆய்வகத்துப் பாதரச வெப்பமானி கீழே விழுந்தால் வம்பு. ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் டிஜிட்டல் வெப்பமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஈரப்பதம் முக்கியம். வியர்வை காயாத நாளில் அதே 36 டிகிரி வேறு மாதிரி உடம்பைப் படுத்தும்.

மூன்று இடம் போதும்: ஷீட் போட்ட அறை, கான்கிரீட் கூரை போட்ட அறை, வேப்பமரத்தடி. காலை, உச்சி, மாலை என்று நேரத்தை மாற்றாமல் ஒரே நோட்டில் எழுதட்டும். அன்று மேகமா, மின்விசிறி ஓடியதா, கரண்ட் போனதா என்பதும் பக்கத்தில் இருக்கட்டும். யார் அளந்தார்களோ அவர்கள் கையெழுத்துப் போடட்டும். ஒரு நாள் விட்டுப்போனால் விட்டுப்போனதாகவே இருக்கட்டும், பிறகு உட்கார்ந்து நிரப்பக்கூடாது. இடைவெளி இல்லாத மாணவர் நோட்டைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

‘வெப்ப அலை’ என்ற சொல்லைக் கண்ட இடத்தில் போடாதீர்கள். வானிலைத் துறைக்கு அதற்கொரு கணக்கு உண்டு. சமவெளியில் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டு, அந்த நாளின் இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். இல்லையென்றால் நேராக 45-ஐத் தொட வேண்டும். உங்கள் வகுப்பறைக்குள் 39 இருந்தால் அது கொடுமைதான், ஆனால் வெப்ப அலை அல்ல. அரங்கில் இருக்கும் வானிலைக்காரர் ஒருவர் இதைத் திருத்தினால், அதற்கு அப்புறம் பிள்ளைகள் சொல்லும் எதுவும் யார் காதிலும் ஏறாது.

இதெல்லாம் பாதி வேலை. மறு பாதிக்கு வெப்பமானி உதவாது. வகுப்பு வகுப்பாகப் போய், பெயர் எழுதாத சீட்டில் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: பள்ளிக்கு வந்த பிறகு இன்று எத்தனை தடவை தண்ணீர் குடித்தாய்? குடிக்காதவள் ஏன் என்றும் ஒரு வரி எழுதட்டும். கேரளத்தில் 2019-இல் ‘தண்ணீர் மணி’ தொடங்கினார்கள். 2025-இல் நம் பள்ளிகளுக்கும் அது வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மணி அடித்தாலும் பெண்பிள்ளைகள் பலர் குடிப்பதில்லை. குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். அது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். காலையில் வீட்டில் ஒரு டம்ளர் குடித்ததோடு சரி, சாயங்காலம் வரை நாக்கு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். என் கல்லூரியிலேயே பெண்கள் அப்படித்தான் இருந்தார்கள். வெப்பம் பற்றிய கொள்கையில் கழிப்பறை ஒரு வரியாக வர வேண்டும் என்று உங்கள் 7 பேரும் சொன்னால், அந்த அரங்கில் மற்ற யாரும் சொல்லாத ஒன்றைச் சொன்னவர்கள் ஆவார்கள். ஆனால் சீட்டில் என்ன வருகிறதோ அதைத்தான் சொல்ல வேண்டும். நான் எழுதினேன் என்பதற்காக முன்கூட்டியே முடிவு கட்டிவிடாதீர்கள்.

தலைமை ஆசிரியரிடம் நோட்டைக் காட்டுங்கள். கட்டுரையை அவரே மறந்துவிடுவார்.

எங்களுடையது ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ‘அரசு ஆவன செய்ய வேண்டும்’ என்று முடித்தால் போதுமா? யாரிடம் என்ன கேட்பது என்பதில்தான் குழப்பம்.
தலைமை ஆசிரியர், ஆம்பூர் அருகே

போதாது, ஐயா. அரசு என்று ஓர் ஆள் இல்லை. உங்கள் பள்ளிக் கட்டடம் ஊராட்சி ஒன்றியத்துடையது, அதாவது ஊரக வளர்ச்சித் துறையின் பக்கம். முதல் கேள்வி கேட்ட ஆசிரியையின் மேல்நிலைப் பள்ளிக் கட்டடத்துக்குப் பள்ளிக் கல்வித் துறையும் பொதுப்பணித் துறையும். ஒரே மாதிரி ஷீட் கூரைதான், ஆனால் கோப்பு போகும் வழி வேறு. இது தெரியாமல் கேட்டால், “இது எங்கள் துறையில் வராது” என்ற பதிலோடு திரும்பி வருவீர்கள். அந்தப் பதில் பொய்யும் அல்ல.

கொஞ்சம் வீட்டுப்பாடம் செய்யுங்கள். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வரும்போது ஒவ்வொரு துறையும் ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கும். தமிழிலேயே இருக்கும், அரசின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பள்ளிக் கல்வி, ஊரக வளர்ச்சி, வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மை, சுற்றுச்சூழல் என்று நான்கையும் இறக்கி ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுங்கள். ‘வெப்பம்’, ‘வகுப்பறை’, ‘குடிநீர்’, ‘கழிப்பறை’ வரும் இடங்களில் மட்டும் கோடு போடட்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது முடியாது என்று நினைக்காதீர்கள். ரேஷன் கடைப் பலகையையும் வங்கிப் படிவத்தையும் வீட்டில் படித்துச் சொல்வது அவர்கள்தானே?

அப்படிப் படித்தால், இருக்கிற திட்டத்திலேயே இடம் தேடலாம். பள்ளிக் கட்டடங்களுக்கு என்றே 2022-இல் பேராசிரியர் அன்பழகன் பெயரில் ஒரு மேம்பாட்டுத் திட்டம் அறிவித்தார்கள், 5 ஆண்டில் 7,000 கோடி ரூபாய் என்று. ‘புதிய கட்டடம் கட்டும்போது கூரையின் வெப்பத்தையும் விதிமுறையில் சேருங்கள்’ என்பது ஒரு கோரிக்கை. ‘பழைய கூரைக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்கப் பள்ளிப் பராமரிப்பு நிதியில் அனுமதி கொடுங்கள்’ என்பது இன்னொன்று, இன்னும் மலிவானது. இரண்டில் எது நடக்கும் என்று கேட்டால் இரண்டாவதைச் சொல்வேன்.

ஒரு எச்சரிக்கை. வெப்ப அலையை 2024 அக்டோபரில் தமிழ்நாடு மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். மாநிலம் தானாக அறிவிக்கும் பேரிடர்களுக்குப் பேரிடர் நிவாரண நிதியில் 10 சதவீதம் வரை செலவிட இடம் உண்டு. பலரும் இதைக் கேள்விப்பட்டு, ‘அந்தப் பணத்தில் கூரை மாற்றுங்கள்’ என்று கிளம்பிவிடுகிறார்கள். அது துன்பம் நேர்ந்த பிறகு கொடுக்கும் பணம், கூரைக்கு வராது.

பள்ளி திறக்கும் தேதியையும் மறக்காதீர்கள். 2023-இல் ஜூன் 7-இல் திறப்பதாக இருந்ததை வெயிலால் 12-க்குத் தள்ளினார்கள், சின்ன வகுப்புகளுக்கு 14. 2024-இல் ஜூன் 6 என்றது 10 ஆனது. ஆக, வெயிலைப் பார்த்துப் பள்ளி நடைமுறையை மாற்றலாம் என்பதை அரசு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வருடமும் கடைசி நேரத்தில் அறிவிப்பதற்குப் பதிலாக, இத்தனை டிகிரி என்றால் இன்னது என்று முன்பே எழுதி வைக்கலாமே என்று பிள்ளைகள் கேட்கட்டும். பெற்றோர் கைதட்டுவார்கள், நிச்சயம்.

கோரிக்கை எவ்வளவு சிறிதாக இருக்கலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஜவுளிக்கடை நாற்காலி. நாளெல்லாம் நின்றபடி புடவை விரித்துக் காட்டும் பெண்களுக்கு உட்கார இருக்கை வேண்டும். கோழிக்கோட்டுப் பெண்கள் பல வருடம் கேட்டார்கள், 2018-இல் கேரளத்தில் சட்டமானது. 2021-இல் தமிழ்நாடும் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. கேட்டது நாற்காலி ஒன்றுதான். ‘பெண் தொழிலாளர் நலனுக்கு ஆவன செய்க’ என்று மட்டும் கேட்டிருந்தால் அந்தப் பெண்கள் இன்னும் நின்றுகொண்டிருப்பார்கள்.

போகும் முன் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டி உங்கள் கோரிக்கையைத் தீர்மானமாக்கிவிடுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையிலும் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது, மாநாட்டுக்கு முன்னால்தானே வருகிறது. தீர்மான நகல் இணைந்த மனுவைத் தூக்கி ஓரமாக வைக்க எந்த அலுவலருக்கும் கொஞ்சம் கை தயங்கும்.

பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியவர்களையே எல்லாவற்றுக்கும் அனுப்புகிறார்கள். எனக்கு மேடையில் பேச வராது. கணக்கு நன்றாக வரும். மாநாட்டுக்குப் போக ஆசை. எப்படிக் கேட்பது?
11-ஆம் வகுப்பு மாணவன், குடியாத்தம்

நேராகப் போய்க் கேள் தம்பி. “சார், அளவுகளை எல்லாம் நான் அட்டவணை போட்டுத் தருகிறேன், என்னைக் குழுவில் சேருங்கள்” என்று சொல். சும்மா ‘நானும் வரேன் சார்’ என்று நின்றால் வேலைக்காகாது.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. 7 பேரில் மேடையில் பேச 2 பேர் போதும். ஒருவர் எண்களைக் கையில் வைத்திருக்க வேண்டும். இன்னொருவர், மற்றவர்கள் பேசுவதைக் குறித்துக்கொள்ள. இது லேசான வேலை இல்லை, எந்த அதிகாரி எதற்குத் தலையாட்டினார் என்பது வரை எழுத வேண்டும். அப்புறம், கூச்சமில்லாமல் அடுத்த மாவட்டத்துப் பிள்ளைகளிடம் போய்ப் பேசுகிற ஒருத்தி வேண்டும், எந்த வகுப்பிலும் அப்படி ஒருத்தி உண்டு. ஷீட் வகுப்பில் உட்காருகிற பிள்ளை கட்டாயம் இருக்க வேண்டும். ‘ஏ’ பிரிவிலிருந்தே 7 பேரையும் பொறுக்கினால், மின்விசிறிக்குக் கீழே படிக்கிறவர்கள் போய் வெக்கையைப் பற்றிப் பேசிவிட்டு வருவார்கள்.

பேச்சுப்போட்டிப் பிள்ளைகளுக்குப் பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கும். ‘அவையோர் அனைவருக்கும் என் முத்தான முதற்கண் வணக்கம்’ என்று ஆரம்பித்து, மேடையிலுள்ள ஒவ்வொருவரையும் விளித்து முடிப்பதற்குள் ஒரு நிமிடம் போய்விடும். நிதானமாகப் பேசினால் 3 நிமிடத்துக்கு 300 சொல் தாண்டாது. ‘வணக்கம். நாங்கள் வேலூரிலிருந்து வருகிறோம். எங்கள் வகுப்பறையில் ஜூலை மாதம் மதியம் எவ்வளவு சூடு என்று அளந்தோம்’ என்று நேராக விஷயத்துக்கு வந்துவிட வேண்டும். கைதட்டலுக்காகக் குரலை ஏற்றி இறக்குவதும் வேண்டாம்.

மாநாட்டில் எல்லாரும் இங்கிலீஷில் பேசுவார்களாமே? எங்களுக்குப் பயமாக இருக்கிறது.
மாணவிகள், அணைக்கட்டு

தமிழில் பேசுங்கள். 1956-லேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் போட்ட மாநிலம் இது. உங்கள் மனுவைப் படிக்கிற அலுவலரும் தமிழில்தான் கோப்பு எழுத வேண்டும். திரையில் ஓடும் இங்கிலீஷ் படங்கள் புரியவில்லை என்றால் பக்கத்தில் இருக்கும் டீச்சரிடம் கேளுங்கள். அவருக்கும் புரியவில்லை என்றால் கையை உயர்த்தித் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அரங்கில் பாதிப் பேர் மனசுக்குள் உங்களுக்கு நன்றி சொல்வார்கள்.

என் மகளின் பெயர் குழுவில் இருக்கிறது. அவளுடைய அப்பாவுக்கு அனுப்ப விருப்பமில்லை. ராத்திரி தங்க வேண்டும் என்கிறார்கள். நான் என்ன செய்ய?
ஒரு தாய், பேரணாம்பட்டு

அவருடைய பயம் நியாயமானது, அதை ‘பழைய காலத்து ஆள்’ என்று தள்ளாதீர்கள். பயத்தைக் கேள்விகளாக்கிப் பள்ளிக்கு எடுத்துப் போங்கள். கூட வரும் ஆசிரியை யார், அவர் பிள்ளைகளோடு அதே அறையில் தங்குகிறாரா? தங்கும் இடத்தின் பெயரும் முகவரியும் எழுத்தில் தருவார்களா? எந்த ரயில், திரும்ப எத்தனை மணிக்கு? ராத்திரி நேரத்தில் கூப்பிட்டால் எடுக்கும் எண் எது? பெற்றோர் சம்மதக் கடிதத்தில் இதெல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். ‘மாநாட்டுக்கு அனுப்பச் சம்மதிக்கிறேன்’ என்று ஒற்றை வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். சரியாக எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல் 130 கிலோமீட்டர் சுமார். விடிகாலை ரயிலில் ஏறி ராத்திரி திரும்பிவிடவும் முடியும். மாநாடு ஒரே நாள் என்றால் தங்குவது ஏன் என்று கேளுங்கள். இரண்டு நாள் என்றால் தங்குவதுதான் நல்லது, தூங்கி வழியும் பிள்ளை எதைக் கேட்பாள்?

பையில் மாற்றுடை, நாப்கின், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை, பள்ளி அடையாள அட்டை, கொஞ்சம் சில்லறை. 1098 குழந்தைகளுக்கான உதவி எண் என்பது அவளுக்கு மனப்பாடமாக இருக்கட்டும். முடிந்தால் அவள் அப்பாவையே ஆசிரியையிடம் பேச வையுங்கள். உங்கள் வழியாகப் போகும் பதிலைவிட அது எடுபடும்.

அமைச்சர் வருகிறாராம். பள்ளி சார்பில் பொன்னாடையும் நினைவுப் பரிசும் வாங்கலாமா?
பெற்றோர் ஆசிரியர் கழகப் பொருளாளர், வாணியம்பாடி

வேண்டாம். அந்தப் பணத்தில் இரண்டு பக்க மனுவை 50 நகல் எடுங்கள். முதல் பக்கம் அட்டவணையும் கோரிக்கையும், பின்பக்கம் தீர்மான நகல், அடியில் பள்ளியின் தொலைபேசி எண். மிச்சத்துக்குப் பிள்ளைகளுக்குச் சென்ட்ரலில் நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். பொன்னாடையை அமைச்சர் வீட்டுக்கா எடுத்துப் போகப் போகிறார்?

எல்லாம் படம் பிடிக்கத்தான். பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்கள். இதற்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?
ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர், ஆரணி

பாதி உண்மை, ஐயா. காலையிலிருந்து பின்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, குழுப்படத்துக்கு மட்டும் என் மாணவர்களை முன்னால் கூப்பிட்ட கூட்டத்தை நானே பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அழைப்பு வந்தால் உடனே ஒப்புக்கொள்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். பிள்ளைகள் எந்த அமர்வில், எத்தனை மணிக்குப் பேசுவார்கள், அப்போது மேடையில் எந்தத் துறை அதிகாரி இருப்பார், பேசியது நடவடிக்கைக் குறிப்பில் ஏறுமா என்று எழுதிக் கேட்பேன். பதில் வராத இடத்துக்குப் போகமாட்டோம். பதில் எழுதிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் சொன்னபடி நடத்தினார்கள்.

நீங்கள் சும்மா இருக்கக்கூடாது. பக்கத்துப் பள்ளி எதையாவது பிடித்துக்கொண்டு, மாநாட்டுக்கு ஒரு வாரம் முன்னால் அவர்கள் முன் அதிகாரியாக உட்காருங்கள். “நிதி எங்கேம்மா இருக்கு?”, “இது உங்க ஒரு பள்ளிப் பிரச்சினை, மாநிலத்துக்கு எதுக்கு?”, “அளந்தது சரின்னு எப்படி நம்பறது?” என்று மடக்குங்கள். தாலுகா அலுவலகத்தில் காலம் தள்ளியவர்களைவிட இதற்குத் தகுதியானவர்கள் இல்லை. தெரியாத கேள்விக்குப் பிள்ளைகள் கதை கட்டக் கூடாது. “அந்த விவரம் எங்களிடம் இல்லை, பார்த்து ஒரு வாரத்தில் அனுப்புகிறோம்” என்று சொல்லப் பழக்குங்கள். சொன்னபடி அனுப்பவும் வையுங்கள்.

போய் வந்த பிறகு என்ன செய்வது? போன வருடம் வேறொரு கூட்டத்துக்குப் போனோம். மனுவை வாங்கிக்கொண்டார்கள், அதோடு சரி.
மாணவர் குழு, ஜோலார்பேட்டை

மனு கொடுக்கும்போது உங்கள் நகலில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கினீர்களா? இந்த முறை வாங்குங்கள். நெரிசலில் தரமாட்டேன் என்றால், ஊர் திரும்பியதும் அதே மனுவை ஸ்பீடு போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள்.

இரண்டு மாதம் பாருங்கள். பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்தத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம். வெள்ளைத் தாள் போதும், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். சட்டத்தில் வயது வரம்பு சொல்லவில்லை, இந்தியக் குடிமகன் என்றுதான் இருக்கிறது. ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. ‘இந்தத் தேதியில் கொடுத்த எங்கள் மனு இப்போது எந்தப் பிரிவில் இருக்கிறது, அதன் மேல் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் வேண்டும்’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், அதற்கு வில்லை தேவையில்லை.

12-ஆம் வகுப்புப் பிள்ளைகள் மார்ச்சில் தேர்வு எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் விண்ணப்பத்தில் 10-ஆம் வகுப்பு அல்லது 11-ஆம் வகுப்புப் பிள்ளை யாராவது கையெழுத்துப் போடட்டும்.